விடுவதை முதலில் எண்ணுங்கள்

அத்தியாயம் 5: காட்டிலும் குளத்திலும் கடலிலும் அளவோடு எடுத்தல்

வன்னியின் ஜெயபுரம் கிராமத்துக்குக் காடும் குளமும் கடலும் எட்டிய தூரத்தில் இருக்கின்றன. மன்னார் – பூநகரி வீதிக்குக் கிழக்கே காடு விரிகிறது. கரியாலை நாகபடுவான் குளம் வயலுக்கு நீரும் கறிக்கு மீனும் தருகிறது. பல்லவராயன்கட்டுப் பக்கமாக மேற்கே இறங்கினால் வேரவில், கிராஞ்சி, வலைப்பாடு என்று கரையோரக் கிராமங்கள் வருகின்றன. காலபோகம் பொய்த்த ஆண்டிலும், கூலிவேலை கிடைக்காத மாதத்திலும், பல வீடுகளில் அடுப்பெரிவது ஒரு போத்தல் தேனாலும் ஒரு பை பாலைப்பழத்தாலும் இரண்டு கூறு மீனாலும்தான். ஆகவே, “காட்டில் எதையும் தொடாதே” என்று சொல்லும் நூல் இந்த மக்களுக்கு உதவாது. “கிடைப்பதை எல்லாம் எடு” என்பது அவர்களின் பிள்ளைகளுக்கு உதவாது.

கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம், நன்னீர் மீனவர் சங்கம், கமக்காரர் அமைப்பு ஆகியவற்றின் நிர்வாகத்தில் இருப்பவர்களுக்காக இந்த அத்தியாயம் எழுதப்பட்டிருக்கிறது. இதன் அடிப்படை ஒன்றுதான்: எவ்வளவு எடுக்கலாம் என்று கேட்பதற்கு முன், அடுத்த ஆண்டும் வருவதற்கு எவ்வளவு மிஞ்சியிருக்க வேண்டும் என்று கேளுங்கள். அதை முடிவு செய்தபின், மீதியைத்தான் பங்கிட வேண்டும்.

1. மூன்று பட்டியல்கள்

முதற்கூட்டத்திலேயே ஒரு பெரிய தாளில் மூன்று பட்டியல்களை எழுதுங்கள்.

முதலாவது, எடுக்கவே கூடாதவை. இலங்கையின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கம். 1993இலும் 2009இலும் பெரிதாகத் திருத்தப்பட்டது. இன்று அது பாதுகாப்பையே பொதுவிதியாகக் கொண்டு, சிலவற்றுக்கு மட்டும் விலக்குத் தருகிறது. மான், மரை, உக்குளான், கரடி, சிறுத்தை, அழுங்கு, உடும்பு, நட்சத்திர ஆமை, கடலாமை, ஆவுளியா எல்லாம் இந்தப் பட்டியலில் வரும். விலக்குப் பெற்ற விலங்கு என்று யாராவது சொன்னால், அதைக் கேள்விப்பட்ட அளவில் விட்டுவிடாமல் வனஜீவராசிகள் திணைக்கள அலுவலகத்தில் எழுத்தில் உறுதிப்படுத்துங்கள். 2015இல் சுண்டிக்குளம், மடு வீதி, நெடுந்தீவு, ஆதாம் பாலம் ஆகியவை தேசிய பூங்காக்களாக அறிவிக்கப்பட்டன. அந்த எல்லைகளுக்குள் தேன்கூட இந்தப் பட்டியலில்தான் அடங்கும்.

இரண்டாவது, அனுமதியோடு எடுப்பவை. அரச காட்டின் தேன், பழம், மூலிகை, பிரம்பு, கடலில் சங்கு, கடலட்டை, குளத்தில் வலைத்தொழில். காட்டுக்கு வனவளத் திணைக்களம், கடலுக்குக் கடற்றொழில் திணைக்களம், குளத்து மீனுக்குத் தேசிய நீருயிரினச் செய்கை அபிவிருத்தி அதிகாரசபை என்று கதவுகள் வேறுவேறு. ஒதுக்கப்பட்ட காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவதே குற்றமாகும். போருக்குப் பின் வன்னியில் பல இடங்களில் மக்களின் பழைய காணிகளும் வனவளத் திணைக்களத்தின் எல்லைக்குள் அகப்பட்டிருக்கின்றன. அதனால் எந்தக் கல்லுக்கு அப்பால் என்ன நிலை என்பதை வரைபடத்தோடு பிரதேச செயலகத்தில் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே ஆட்களை அனுப்புங்கள்.

மூன்றாவது, சொந்தக் காணியிலும் வேலியோரத்திலும் கிடைப்பவை. இவற்றுக்குப் பொதுவாக அனுமதிப்பத்திரம் தேவைப்படாது. ஆனாலும் எடுக்கும் முறை பற்றிக் கீழே சொல்பவை இவற்றுக்கும் பொருந்தும்.

காட்டிறைச்சியைப் பற்றி வெளிப்படையாகப் பேசியாக வேண்டும். மரை வத்தலும் தேனில் ஊறிய இறைச்சியும் வன்னியின் பழைய உணவுகள். அந்தக் காலத்தில் ஆட்கள் குறைவு, துவக்குகள் குறைவு, காடு பெரிது. இன்று மோட்டார் சைக்கிளும் தலைவிளக்கும், நகரத்தில் காத்திருக்கும் வாங்குபவரும் சேர்ந்துவிட்டார்கள். அதைவிடப் பெரிய கேடு கட்டுத்துவக்கும் சுருக்குத் தடமும் பன்றிவெடியும். இவற்றுக்கு ஆணா பெண்ணா, குட்டியா சினையா, பன்றியா சிறுத்தையா என்று தெரியாது. யானைக்கன்றின் வாயும் விறகுக்குப் போனவரின் காலும் பட்டி மாட்டின் உயிரும் ஒரே பொறியில் போகின்றன. எதைப் பிடிக்கிறது என்று தெரிவு செய்ய முடியாத கருவியை எந்த ஒழுங்குக்குள்ளும் கொண்டுவர முடியாது. ஆகவே இவற்றுக்குத் தளர்வான விதி எழுத முயலாதீர்கள். கண்டால் அறிவிப்பது என்று மட்டும் எழுதுங்கள்.

2. யார் எடுக்கலாம்

அளவைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஆட்களைப் பற்றிப் பேசுங்கள். இதற்கு நம் நாட்டிலேயே ஒரு பாடம் இருக்கிறது. தெற்குக் கரையில் மாவெல்ல என்ற மீனவக் கிராமத்தில் கரைவலைத் தொழிலுக்கு நல்ல முறை இருந்தது: எந்த வலை எந்த நாளில் எந்தத் துறையில் இறங்குவது என்று வரிசை வைத்து எல்லோருக்கும் சம வாய்ப்புக் கொடுத்தார்கள். ஆனால் வலைகளின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தவில்லை. சட்டத்தில் அதற்கு இடமிருந்தும் அரசியல் செல்வாக்கால் அது நடைமுறைக்கு வரவில்லை. இருபது முப்பது வலைகளே போதுமாயிருந்த கரையில் 1970களின் தொடக்கத்தில் நூறுக்கு மேற்பட்ட வலைகள் இருந்தன. ஒவ்வொரு வலைக்கும் ஆண்டில் சில நாட்கள்தான் கிடைத்தன. பொதுவளங்களைப் பற்றிய ஆய்வுக்காக 2009இல் நோபல் பரிசு பெற்ற எலினோர் ஒஸ்ட்ரம், தம் 1990ஆம் ஆண்டு நூலில் இந்தக் கிராமத்தைத் தோல்வியடைந்த ஏற்பாடுகளுக்கு ஓர் எடுத்துக்காட்டாக வைத்தார்.

நமக்கு அருகில் கிராஞ்சி இருக்கிறது. 2022இல் அங்கே கடலட்டைப் பண்ணைகளுக்கு எதிராக மீனவக் குடும்பங்கள் நீண்ட போராட்டம் நடத்தின. பெண்கள் முன்னின்றார்கள். களங்கண்டி கட்டும் இடமும் கரையோரம் நடந்து பிடிக்கும் இடமும் பண்ணை வேலிக்குள் போனால் தங்கள் பிழைப்பு என்னாவது என்பதே அவர்களின் கேள்வி. ஒரு வளத்துக்குத் திட்டம் போடும்போது அதை ஏற்கெனவே நம்பியிருப்பவர் கூட்டத்தில் இல்லையென்றால், அந்தத் திட்டம் எவ்வளவு நல்லதாயினும் நிலைக்காது.

ஆகவே ஒவ்வொரு வளத்துக்கும் ஒரு பெயர்ப்பட்டியல் எழுதுங்கள். தேனெடுப்பவர், பழம் பொறுக்கும் பெண்கள், குளத்தில் வள்ளம் வைத்திருப்பவர், தூண்டில் மட்டும் போடுபவர் என எல்லோரும் அதில் வரட்டும். காணியற்றவர்களுக்கும் பெண் தலைமை தாங்கும் குடும்பங்களுக்கும் முதலிடம் கொடுங்கள். பட்டியலில் புதிதாக ஒருவரைச் சேர்ப்பதைப் பொதுக்கூட்டம் மட்டுமே முடிவு செய்யலாம் என்று விதி வையுங்கள்.

3. பதிவேடு

ஒரு கொப்பி, ஒரு தராசு, ஓர் அடிமட்டம் போதும். ஒவ்வொரு வரியிலும் ஐந்து விடயங்கள்: திகதி, இடம், எத்தனை பேர், எத்தனை மணிநேரம், எவ்வளவு கிடைத்தது. மீனென்றால் மாதம் ஒருமுறை முப்பது மீன்களின் நீளத்தையும் எழுதுங்கள்.

மொத்தத் தொகையை மட்டும் பார்ப்பவர் ஏமாறுவார். ஓர் உதாரணக் கணக்கு: முதலாம் ஆண்டில் பத்து வள்ளங்கள் நாளொன்றுக்கு 100 கிலோ மீன் கொண்டுவந்தன. மூன்றாம் ஆண்டிலும் 100 கிலோ வருகிறது. ஆனால் வள்ளங்கள் இருபதாகிவிட்டன. சந்தையில் நின்று பார்ப்பவருக்கு எதுவும் மாறவில்லை. வள்ளத்துக்குப் பத்துக் கிலோ ஐந்தாகிவிட்டது என்பது கொப்பியில்தான் தெரியும். ஓர் ஆளின் ஒருநாள் உழைப்புக்கு எவ்வளவு கிடைக்கிறது என்ற இந்தக் கணக்கே குளத்துக்குள்ளும் காட்டுக்குள்ளும் இருப்பதை நமக்குச் சொல்லும் முதல் அளவுகோல்.

மூன்று அறிகுறிகளைக் கவனியுங்கள். ஓர் ஆளின் ஒருநாள் கிடைப்பு இரண்டு பருவங்கள் தொடர்ந்து குறைவது. கிடைப்பவற்றின் பருமன் சிறுத்துவருவது. முன்னைவிடத் தூரம் போக வேண்டியிருப்பது. மழை பொய்த்த ஆண்டா என்பதையும் பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் வறட்சியின் பழி வலைமேல் விழும். மூன்றில் இரண்டு தென்பட்டால் அந்த வளத்தில் எடுப்பதைக் குறையுங்கள். மூன்றும் தென்பட்டால் ஒரு பருவம் மூடிவிடுங்கள்.

4. ஒவ்வொன்றாக

தேன். காட்டில் மரக்கிளையில் பெரிய ஒற்றை அடையாகத் தொங்கும் பெருந்தேனீயின் கூட்டில், தேன் நிறைந்த பகுதி கிளையோடு ஒட்டிய மேல்முனையில் இருக்கும். கீழே பரந்திருப்பது புழுவடை, அதாவது அடுத்த தலைமுறை. தேன்பகுதியை மட்டும் கத்தியால் அறுத்து, புழுவடையைக் கிளையிலேயே விட்டால் ஈக்கள் பெரும்பாலும் இடத்தை விட்டுப் போகாமல் மீண்டும் தேன் சேர்க்கும். முழு அடையையும் இறக்கி, புழுவோடு பிழிந்தால் அந்தக் கூட்டம் போய்விடும். தேனும் விரைவில் புளிக்கும்.

தீப்பந்தத்தால் ஈக்களை எரிப்பது வேண்டாம். பச்சைக் குழையைக் காய்ந்த ஓலைக்குள் சுற்றிப் புகை மட்டும் போடுங்கள். கோடையில் ஒரு பொறி பட்டாலே சருகு பற்றிக் காடு எரியும். புகைப்பந்தத்தை அணைக்க ஒரு கலன் தண்ணீர் கொண்டுபோவதைக் கட்டாய விதியாக்குங்கள். பொந்துத்தேன் எடுப்பவர் மரத்தைத் தறிக்கக் கூடாது. வாயைத் தேவையான அளவு மட்டும் திறந்து, புழுவடையை விட்டு, பலகைத்துண்டாலும் களிமண்ணாலும் மூடிவிட்டு வர வேண்டும். அதே பொந்தில் அடுத்த ஆண்டும் தேன் கிடைக்கும்.

கூடுகள் இருக்கும் மரங்களை எண்ணி, மூன்றில் ஒன்றைத் தொடாமல் விடுவது என்று தொடங்குங்கள். அந்த மரங்களில் அடையாளம் கட்டுங்கள். இந்த ஈக்கள்தான் முதிரைக்கும் பாலைக்கும் வீரைக்கும் மகரந்தம் கொண்டுபோகின்றன. அடுத்த ஆண்டின் பழமும் காடும் அவற்றிடமே இருக்கின்றன.

பாலைப்பழமும் வீரைப்பழமும். பாலை கோடையில் பழுக்கும். ஆண்டுதோறும் நடக்கும் பெரும் சேதம், கிளையை வெட்டி விழுத்திப் பழம் பறிப்பது. பாலை மிக மெதுவாக வளரும் மரம். ஒரு கிளையின் பழத்தை இன்று ஒரு மணிநேரத்தில் விற்றுவிடலாம், அந்தக் கிளை திரும்ப வருவதற்கு ஒரு தலைமுறை காத்திருக்க வேண்டும். விதியைச் சுருக்கமாக எழுதுங்கள்: கோடரி, கைவாள் காட்டுக்குள் வரக்கூடாது. விரித்த படங்கின்மேல் உலுக்குவது, கொக்கத்தடியால் பறிப்பது, விழுந்ததைப் பொறுக்குவது மட்டும் அனுமதி. உச்சிக் கிளைகளின் பழம் கரடிக்கும் குரங்குக்கும் பறவைக்கும். அவை தின்று எச்சமிடும் விதையிலிருந்தே புதிய கன்று முளைக்கிறது.

பழக்காலத்தில் கரடி பாலைமரத்தின் மேலேயே இருக்கும். தனியே போகாதீர்கள், விடியற்காலையிலும் மாலையிலும் போகாதீர்கள், மரத்தடிக்குப் போகுமுன் சத்தம் கொடுங்கள். கண்ணிவெடி அபாயப் பலகை கண்ட இடத்தில் காலடிகூட வைக்காதீர்கள். பழகிய தடத்தை விட்டு விலகும் உரிமை யாருக்கும் இல்லை என்று எழுதிவையுங்கள்.

குளத்து மீன். குளத்தில் வலைகட்டுவதற்கான சட்டக் குறைந்தபட்சக் கண்ணளவு, இழுத்துப் பிடித்தால் 8.5 சென்ரிமீற்றர். அதைவிடச் சிறிய கண்ணில் மீன் ஒருமுறைகூடக் குஞ்சு பொரிக்காமல் அகப்பட்டுவிடும். தங்கூசி வலையும் வெடியும் நஞ்சும் தடை. தங்கூசி அறுந்து குளத்தில் கிடந்தாலும் மக்காமல் மீனைப் பிடித்துக்கொண்டே இருக்கும்.

குளத்து மீன்களை இரண்டாகப் பிரித்து யோசியுங்கள். 1950களின் தொடக்கத்தில் இந்த நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா, நம்மவர் ஜப்பான் மீன் என்பது, குளத்திலேயே பெருகும். தாய்மீன் முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள் வைத்துக் காக்கிறது. கட்லா, ரோகு போன்றவை நம் குளங்களில் இனம்பெருகுவதில்லை. அவற்றின் குஞ்சுகளை அதிகாரசபையிடம் பெற்று விட வேண்டும். விட்ட அளவே எல்லை. குஞ்சு விட்ட நாளையும் தொகையையும் பதிவேட்டில் எழுதி, அவை சந்தைப் பருமனாகும்வரை அந்தப் பகுதியில் வலை விழாமல் பாருங்கள்.

மூன்று இடங்களில் கிராமமே தனக்கு விதி போட்டுக்கொள்ள வேண்டும். ஆவணி, புரட்டாதியில் நீர் வற்றிக் குளத்தின் ஆழ்மடுவில் மீன் ஒதுங்கும்போது அந்த மடுவை மூடுங்கள். அங்கே மிஞ்சுபவைதான் அடுத்த மாரியின் தாய்மீன்கள். முதல் மழையில் வாய்க்காலேறி வரும் மீனை மறித்துப் பிடிக்காதீர்கள், அது முட்டையோடு ஏறுகிறது. குஞ்சோடு திரியும் விராலைப் பிடிக்காதீர்கள். தாய் தகப்பன் போனால் அந்தக் குஞ்சுக்கூட்டம் ஒரே நாளில் மற்ற மீன்களுக்கு இரையாகிவிடும். வான் பாயும்போது வெளியே விழும் மீனைப் பிடிப்பதில் தவறில்லை.

சங்கும் கடலட்டையும். ஜெயபுரத்திலிருந்து கரைக்குத் தொழிலுக்குப் போகிறவர்களும் இதை அறிந்திருக்க வேண்டும். 70 மில்லிமீற்றருக்குக் குறைந்த விட்டமுள்ள சங்கை எடுப்பதும் வைத்திருப்பதும் விற்பதும் தடை. இதன் காரணம் சங்கின் வாழ்க்கையில் இருக்கிறது. பல கடலுயிர்களின் குஞ்சுகள் நீரோட்டத்தில் தொலைவுக்கு மிதந்து போகும். சங்கின் குஞ்சு முட்டைக்கூட்டிலிருந்து சிறு சங்காகவே ஊர்ந்து வெளியே வந்து அந்த மணலிலேயே தங்கும். ஓரிடத்துச் சங்கை வழித்தெடுத்துவிட்டால் வேறிடத்திலிருந்து வந்து நிரப்ப எதுவும் இல்லை.

கடலட்டையோ முட்டையையும் விந்தையும் நீரில் விடும். ஆணும் பெண்ணும் அருகருகே இருந்தால்தான் அவை கலக்கும். அடர்த்தி ஓர் அளவுக்குக் கீழே போனால், உயிரோடு மிஞ்சியவையும் பெருகமாட்டா. இந்தியா 2001இல் தன் பக்கத்தில் கடலட்டை பிடிப்பதை முற்றாகத் தடைசெய்யும் நிலைக்கு வந்தது. நம் பக்கத்தில் உரிமம் பெற்றுப் பிடிக்க இன்னும் இடமிருக்கிறது. அந்த இடத்தைக் காப்பாற்றுவது நம் கையில் இருக்கிறது. பண்ணை வைப்பவர், குஞ்சு பொரிப்பகத்திலிருந்து வந்ததா கடலில் பொறுக்கியதா என்பதற்கு ஆதாரம் வைத்திருக்க வேண்டும். கடலில் பொறுக்கிய குஞ்சால் நிரப்பிய பண்ணை, கடலின் சுமையைக் கூட்டும்.

5. எடுத்தும் குறையாத ஒரு தொழில்

வன்னி வயலில் கண்ணாடி விரியன் கடித்து ஆஸ்பத்திரிக்குப் போனவருக்கு ஏற்றப்படும் நஞ்சுமுறி மருந்து இந்தியாவிலிருந்து வருகிறது. அந்த மருந்துக்கான நஞ்சில் பெரும்பங்கு தமிழ்நாட்டில் சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியிலுள்ள இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் தருவது. இருளர் முன்பு தோலுக்காகப் பாம்பு பிடித்தவர்கள். 1972இன் இந்திய வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் அதன்பின் வந்த தோல் ஏற்றுமதித் தடையும் அந்தப் பிழைப்பை நிறுத்தின. ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கரின் துணையோடு 1978இல் அவர்கள் சங்கம் அமைத்தார்கள்.

நல்லபாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கை மட்டும் பிடிக்கிறார்கள். எத்தனை என்பதை வனத்துறை ஆண்டுதோறும் வரையறுக்கிறது. பிடித்த பாம்பைப் பானையில் வைத்து, சில வாரங்களில் சில தடவைகள் நஞ்செடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டுக் காட்டில் விடுகிறார்கள். அடையாளமுள்ள பாம்பு உடனே மீண்டும் அகப்பட்டால் அதை ஏற்பதில்லை. தென்னமெரிக்க மலைகளில் விக்குன்யா என்ற விலங்கை உயிரோடு வளைத்து மயிர் கத்தரித்து விடும் ஊர்களும் இதே வழியில்தான் தொழில் செய்கின்றன.

பாம்பு பிடிக்கும் தொழிலை நாம் இங்கே செய்ய முடியாது, செய்யவும் கூடாது. அதன் அமைப்பைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்: பெயர்ப்பட்டியலில் உள்ளவர் மட்டும், குறித்த இனம் மட்டும், ஆண்டுக்கு ஓர் எல்லை, எல்லாவற்றுக்கும் பதிவு, விற்பனை ஒரே வாசலால். தேனுக்கு இதை அப்படியே பொருத்தலாம். ஒவ்வொருவரும் வீதியோரத்தில் தனித்தனியாக விற்கும்போது கலப்படக்காரரின் விலைக்கு இறங்க வேண்டியிருக்கிறது. சங்கம் வாங்கி, வடித்து, போத்தலில் திகதியும் எடுத்தவரின் இலக்கமும் ஒட்டி விற்றால் விலை நிற்கும். விதி மீறி எடுத்த தேனைச் சங்கம் வாங்காது என்பதே மிகச் சிறந்த காவலாகவும் இருக்கும்.

6. காவலும் தண்டமும்

விதி மீறியவரை முதல் தடவை சங்கத்தில் அழைத்துப் பேசுங்கள். இரண்டாம் தடவை ஒரு பருவத்துக்குப் பெயர்ப்பட்டியலிலிருந்து நிறுத்துங்கள். மூன்றாம் தடவை உறுப்புரிமை போகும். வெடி, நஞ்சு, கட்டுத்துவக்கு, தடைசெய்த உயிர்கள் என்றால் முதல் தடவையே உரிய திணைக்களத்துக்கு அறிவியுங்கள். யாரையும் அடிக்கவோ அவரின் பொருளைப் பறிக்கவோ சங்கத்துக்கு அதிகாரம் இல்லை. நிர்வாகத்தில் இருப்பவரின் உறவினர் தவறு செய்தால் அதே தண்டம் என்பதை முதல் நாளே எழுதிக் கையொப்பமிடுங்கள். விதிகள் உடைவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

7. முதலாம் ஆண்டு

தை: மூன்று பட்டியல்களையும் பெயர்ப்பட்டியலையும் பொதுக்கூட்டத்தில் முடிவு செய்யுங்கள். கிராம அலுவலரையும் மூன்று திணைக்களங்களின் அலுவலர்களையும் அழையுங்கள்.

மாசி, பங்குனி: அனுமதிக்கு விண்ணப்பியுங்கள். கூட்டு மரங்களையும் பழமரங்களையும் எண்ணி வரைபடத்தில் குறியுங்கள்.

சித்திரை முதல் ஆடி வரை: தேனும் பழமும். ஒவ்வொரு வாரமும் பதிவேட்டை ஒருவர் சரிபார்க்கட்டும்.

ஆவணி, புரட்டாதி: மடுவை மூடுங்கள். காட்டுத்தீக்குக் காவல் போடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை: மீனேற்றத்தைக் காப்பாற்றுங்கள். மழையோடு பாலை, வீரைக் கன்றுகளை நடுங்கள்.

மார்கழி: பதிவேட்டை எல்லோர் முன்னிலையிலும் வாசியுங்கள். அடுத்த ஆண்டு எதைக் குறைப்பது, எதை மூடுவது என்று அந்தக் கூட்டமே முடிவு செய்யட்டும்.

சட்டம் எதைத் தொடக்கூடாது என்று சொல்லும். எந்த மரத்தை இந்த ஆண்டு விட வேண்டும், எந்த மடுவில் எப்போது வலையை நிறுத்த வேண்டும் என்பதைக் கொழும்பிலிருந்தோ கிளிநொச்சி நகரிலிருந்தோ யாரும் சொல்ல முடியாது. அது ஜெயபுரத்தின் வேலை. அந்த வேலையைத் தை மாதக் கூட்டத்தில் தொடங்குங்கள்.